கிளை எண் பதினேழு

ஒன்பதரைக்கு ஷட்டரை இடுப்பளவு தூக்கிக்
குனிந்து நுழைகிறோம்.
முழுக்க ஏற்றினால் யாராவது
சர்க்கரை கேட்டு வந்துவிடுவார்கள்.

கூட்டுறவு அங்காடி, கிருமாம்பாக்கம்.
பருப்புத் தட்டில் தூசி.
எண்ணெய் டின் இருந்த இடத்தில் வட்டமாய்க் கறை.
தராசுக்கு மட்டும் போன மாதம் முத்திரை வைத்துப் போனார்கள்.
கட்டணத்தை ஏழு பேரும் பிரித்துக்கொண்டோம்.

கையெழுத்துப் போடுகிறோம்.
சம்பளம் வந்து நாற்பத்தொரு மாதம்.
தொடர்ந்து முப்பது நாள் விட்டால்
‘பணிக்கு வராதவர்’ என்று எழுதுவார்கள்,
நாற்பத்தொன்றும் போகும்.
வருகைப் பதிவேடு தீர்ந்த அன்று
சவரிநாதன் மகளின் பழைய கணக்கு நோட்டில்
கோடு கிழித்துக்கொண்டு வந்தார்.
இயக்குநரகம் அதையும் ஏற்றுக்கொண்டது.

தொகுதி சின்னது.
முள்ளோடையைத் தாண்டினால் கடலூர், வேறு அரசாங்கம்.
அந்தப் பக்கத்தில் எம்.எல்.ஏ.வைச் சுவரொட்டியில் பார்ப்பார்களாம்.
எங்களுக்கு அவர் சாவுக்கு முதல் மாலை,
காதுகுத்துக்குக் கடைசிப் பந்தி.
எங்கள் நாய் செத்த வாரம் வாசலில் நின்று
‘மணியைக் காணோமே’ என்றார்.
போன முறை அவர் ஜெயித்தது
இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில்.
அந்த எண்ணை அவரும் மறக்கவில்லை,
நாங்களும்.

எங்களை இங்கே வைத்ததும் அவர்தான்.
தேர்தலுக்கு நாற்பது நாள் இருக்கையில்
ஆளுக்கொரு கடிதத்தோடு வந்து சேர்ந்தோம்.
எடை போட ஒருவர், பொட்டலம் கட்ட ஒருவர்,
மீதி ஐந்து பேர் நன்றி சொல்ல.

சம்பளம் கேட்டால் முதல்வரைக் காட்டுவார்.
அங்கே கேட்டால் கோப்பு மேலே.
மேலே கேட்டால் டெல்லி.
டெல்லியை யார் போய்க் கேட்பது?
வருகிற மானியம் பென்ஷனுக்கு, கரண்ட் வாங்க,
பழைய கடனின் வட்டிக்கு.
அதற்குப் பிறகு சாராயக்கடை வரியில்
ஏதாவது ஒதுங்கினால் எங்கள் பெயர் வரும்.
மாமா குடித்துவிட்டு வரும் இரவுகளில்
அக்கா கத்துவாள்.
நான் ஒன்றும் பேசுவதில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஜவுளிக்கடை ஒன்றில் கேட்டார்கள்.
ஒன்பதாயிரம், முதல் தேதி டாணென்று.
ஆனால் காலை ஒன்பதுக்கே வந்து நிற்க வேண்டும்.
பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
நாற்பத்தொன்று பெருக்கல் பதினாலாயிரம்:
ஐந்து லட்சத்து எழுபத்து நாலாயிரம்.
கண்ணால் பார்க்காத பணம்தான்.
இருந்தாலும் அதை விட்டுவிட்டு
ஒன்பதாயிரத்துக்கு எப்படிப் போவது?

எதிர்க்கட்சிக்காரரும் வந்தார்.
ஆட்சி வந்தால் மொத்தமும் ஒரே தவணையில் என்றார்.
சரிங்கண்ணே என்றோம்.
இவரிடமும் அதையேதான் சொல்லியிருந்தோம்.
அவர் போனபின் லூர்துமேரி
காலித் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
‘எல்லாத்தையும் குடுத்துட்டா
அப்புறம் நம்மள எதுக்குத் தேடி வரப்போறாங்க?’
யாரும் பதில் சொல்லவில்லை.
துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தாள்.

நேற்று பதினொன்றரை இருக்கும்.
ஏழு போனும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின.
இரண்டு மாதச் சம்பளம்.

யாரும் சிரிக்கவில்லை.
சவரிநாதன் கண்ணாடியைக் கழற்றி
திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.
‘அப்ப ஏப்ரல்லயே தேர்தல்’ என்றார்.
பேப்பரில் இன்னும் வரவில்லை.

நோட்டின் பின்னட்டையில்
நாற்பத்தொன்றை அடித்து
முப்பத்தொன்பது என்று எழுதினேன்.
வெளியே வரக் குனிந்தபோது
முதுகு பிடித்துக்கொண்டது.